காலி அட்டைப்பெட்டிக்கு ஓகே முத்திரை

19 நாள். எங்கள் நைட்லி டெஸ்ட் ரிப்போர்ட்டில் 19 நாளாக எல்லாக் கட்டமும் பச்சை. லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கருவான கர்னலில், பழைய சி மொழிக்குப் பக்கத்தில் ரஸ்ட் என்கிற புது மொழியையும் உட்கார வைத்து, அதில் நாங்கள் எழுதிய முதல் டிரைவரைப் பெட்டியில் ஏற்றி, ராத்திரிக்கு ராத்திரி 6 போர்டில் ஓட்டிக்கொண்டிருந்தோம். காலையில் காபியோடு லேப்டாப்பைத் திறந்தால் பச்சை. மேனேஜர் எல்லாரையும் வாழ்த்தி மெயில் போட்டார். நான் ஆற்காடு வரைக்கும் போய் மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கி வந்து தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன்.

20-ஆம் நாள் தெரிந்தது, அந்த 19 நாளும் ரஸ்ட்டில் ஒரு வரிகூட ஓடவில்லை என்று. ஓடவில்லை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. கம்பைலே ஆகவில்லை.

நான் இருப்பது காட்பாடியில். ஆபீஸ் பெங்களூரில். திங்கட்கிழமை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் புதன்கிழமை திரும்பிவிடுவேன், மீதி நாள் வீட்டிலிருந்து. எங்கள் கம்பெனி செய்வது தொழிற்சாலைகளில் சுவரில் மாட்டும் சின்ன நெட்வொர்க் பெட்டி. உள்ளே ஒரு ஆர்ம் 64 சில்லு, அதன்மேல் லினக்ஸ் 6.12. போர்டுகளை வைக்க ஆபீஸில் இடம் இல்லை என்று ஆறு போர்டு என் வீட்டு மாடி அறைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு மர ஷெல்ஃப், ஒரு சுவிட்ச், சீரியல் கேபிள்கள், பவரை ஆஃப் செய்து ஆன் செய்ய ஒரு ரிலே பலகை, ஒரு யூபிஎஸ். அந்த அறையை எங்கள் வீட்டில் "பொம்மை ரூம்" என்பார்கள். கர்னலைக் கட்டுகிற, அதாவது கம்பைல் செய்கிற, 8 மெஷின் மட்டும் பெங்களூரில்.

கண்டுபிடித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. ஏப்ரல் மாதம் ஒரு விடியற்காலை கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கி, பிறகு கீச் கீச் என்று கத்திவிட்டு அடங்கியது. கரண்ட் வந்ததும் போர்டுகள் தானாக எழுந்தன. அதில் நாலாம் நம்பர் போர்டு மட்டும் 100 மெகாபிட்டுக்குப் பதிலாக 10-ல் நின்றது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் எங்கள் ரஸ்ட் டிரைவர் எழுதப்பட்டதே அந்த ஒரு கோளாறுக்காகத்தான். லிங்க் விழுந்து எழும்போது சில நேரம் 10-ல் மாட்டிக்கொள்ளும் சில்லு அது. அதைத் தட்டி எழுப்புவதுதான் டிரைவரின் முழுநேர வேலை.

பூட் லாகை மேலிருந்து படித்தேன். ஈத்தர்நெட் வரியில் டிரைவர் பெயர் இருக்கும் அடைப்புக்குறிக்குள் இரண்டு வார்த்தை: ஜெனெரிக் ஃபை.

தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் முழு ஏமாற்றமும் இங்கேதான் இருக்கிறது. கேபிள் செருகும் துளைக்குப் பின்னால் ஃபை என்று ஒரு சில்லு உட்கார்ந்திருக்கும். கம்பியில் போகும் சிக்னலைக் கவனிப்பது அது. எந்தக் கம்பெனி செய்த ஃபையாக இருந்தாலும் அதன் உள்ளே இருக்கும் சின்னக் கட்டங்களில், அதாவது ரெஜிஸ்டர்களில், முதல் சில இன்ன மாதிரி இருக்கவேண்டும் என்று 802.3 என்கிற ஈத்தர்நெட் தரம் சொல்கிறது. அதனால் லினக்ஸ் ஒரு பொது டிரைவரைக் கையில் வைத்திருக்கிறது. சில்லுக்கு உரிய தனி டிரைவர் வந்தால் அதற்கு இடம். வராவிட்டால் பொது டிரைவர் ஏறி உட்கார்ந்துகொள்ளும். லிங்க் வரும், பிங் போகும், ஸ்பீடு டெஸ்ட்டும் பாஸ். கல்யாண வீட்டில் சமையல்காரர் வராத அன்று சித்தப்பா கரண்டியை எடுத்த மாதிரி. பந்தியில் உட்கார்ந்தவனுக்குச் சாம்பார் வந்துவிட்டது, அவன் ஏன் சமையல்கட்டை எட்டிப் பார்க்கப் போகிறான்? எங்கள் டெஸ்ட் பந்தியில் உட்கார்ந்திருந்தது.

அடுத்து, கர்னலில் எதெது சேரவேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். ரஸ்ட்டை ஆன் செய்யும் ஆப்ஷனைத் தேடினால் அப்படி ஒரு வரியே இல்லை. "வேண்டாம்" என்று எழுதியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கர்னலின் கான்ஃபிக் முறை அப்படி. ஒரு வசதியைக் கேட்கிறோம், அதற்கு முன்தேவை ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், அந்தக் கேள்வியே கேட்கப்படாத மாதிரி வரி காணாமல் போய்விடும். ரஸ்ட்டுக்கு முன்தேவை நிறைய. சரியான பதிப்பில் ரஸ்ட் கம்பைலர் வேண்டும். சி ஃபங்ஷன்களின் வடிவத்தைச் சொல்லும் ஹெடர் ஃபைல்களைப் படித்து ரஸ்ட்டுக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொடுக்கும் பைண்ட்ஜென் வேண்டும், அது சாய்ந்து நிற்க, சி-யைப் படிக்கத் தெரிந்த லிப்கிளாங் என்கிற லைப்ரரி வேண்டும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் சோர்ஸ் வேண்டும். இவை இருக்கின்றனவா என்று ஒரு ஸ்கிரிப்ட் பார்க்கும். ஒன்று குறைந்தாலும் ரஸ்ட் என்கிற ஆப்ஷன் மெனுவிலிருந்தே மறைந்துவிடும். கர்னல் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் கட்டி முடியும்.

எங்கள் விஷயத்தில் குறுக்கே நின்றது மாட்வெர்ஷன்ஸ். கர்னல் வெளியே கொடுக்கிற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதன் சி வடிவத்தை வைத்து ஒரு எண் கணக்கிட்டு, மாட்யூல், அதாவது கர்னலில் தனியாக ஏற்றும் துண்டு, ஏறும்போது இரண்டு பக்கமும் எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. அந்த எண்ணைக் கணக்கிடும் கருவிக்குச் சி மட்டுமே படிக்கத் தெரியும். ரஸ்ட்டைக் காட்டினால் முழிக்கும். அதனால் 6.12-ல் மாட்வெர்ஷன்ஸ் இருந்தால் ரஸ்ட் கிடையாது, ரஸ்ட் இருந்தால் மாட்வெர்ஷன்ஸ் கிடையாது. 6.14-ல் இதற்கு வழி செய்துவிட்டார்கள். நாங்கள் நீண்டகால ஆதரவு உள்ள 6.12-ஐப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பெட்டியின் கான்ஃபிக்கைப் பார்த்துக்கொள்பவர் எனக்குப் பத்து வருஷ சீனியர். எல்லாருக்கும் அவர் கான்ஃபிக் அண்ணன். வெளியார் கொடுத்த ஒரு வைஃபை மாட்யூலுக்காக மூன்று வருஷம் முன்பு மாட்வெர்ஷன்ஸை அவர்தான் ஆன் செய்தார். நல்ல காரணத்துக்காக. நான் என் லேப்டாப்பில் டிரைவர் எழுதியபோது, என் சொந்த கான்ஃபிக்கில் அது ஆஃப். அங்கே டிரைவர் ஜோராக ஓடியது, கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். ராத்திரி ஓட்டம் மட்டும் பெட்டியின் கான்ஃபிக்கில். இரண்டும் ஒன்றுதான் என்று நானாக நினைத்துக்கொண்டது என் தப்பு. இதில் அண்ணனைச் சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னொரு அசட்டுத்தனமும் உண்டு. நாங்கள் கான்ஃபிக் துண்டுகளை ஒட்டுவதற்கு கர்னலோடு வரும் ஸ்கிரிப்ட்டைத்தான் பயன்படுத்துகிறோம். "நீ கேட்ட மதிப்பு கடைசி ஃபைலில் இல்லை" என்று அது எச்சரிக்கும். எச்சரித்திருக்கிறது. 19 ராத்திரியும் லாகில் அந்த வரி இருக்கிறது. நாலாயிரம் வரி லாகை, பச்சையாக முடிந்த லாகை, எவள் படிப்பாள்?

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நைனாவிடம் சொன்னேன். நைனா 27 வருஷம் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஃபேக்டரியில் செக்கர். அப்பர் தைத்து வந்ததும் தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று கையை ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. இப்போதும் கல்யாணத்துக்குப் போனால் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைத்தான் முதலில் பார்ப்பார். நான் ரஸ்ட்டில் எழுதுகிறேன் என்று முதலில் சொன்ன அன்று, "துருவா? ஐலெட்ல துரு இருந்தா மொத்த லாட்டும் திரும்பி வந்துடும்மா, அத போயி யாராவது வேணும்னு வெப்பாங்களா" என்றவர்.

"இன்னாம்மா மொகம் இப்டி கீது?"

"நைனா, இல்லாத ஒண்ண 19 நாளு டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டிருக்கேன்."

சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே ஒரு கதை சொன்னார். எப்போதோ நைட் ஷிஃப்ட்டில், கடைசி டேபிளில் முத்திரை போடுகிற பையன் தூக்கக் கலக்கத்தில் வரிசையாகக் குத்திக்கொண்டே போயிருக்கிறான். மூடிய கார்ட்டன், ஓகே முத்திரை, அடுத்தது. அதில் ஒரு கார்ட்டனில் ஒன்றுமே இல்லை. கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து தகவல் வந்தது. "அதுக்கப்பறம் இன்னா பண்ணோம் தெர்யுமா? ஓகே சீட்ட டப்பா மேல ஒட்டறத நிறுத்திட்டோம். உள்ள ஜோடிக்கு ஜோடி சொருகுனோம். சீட்டு ஒட்டணும்னா ஷூவ கையில எடுத்தே ஆவணும்."

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மாடிக்குப் போய் நான் எழுதியது அதைத்தான்.

முதல் காரியம், ஒரு ஃபைல். "இந்த ஆப்ஷன்கள் கட்டாயம் இருக்கவேண்டும்" என்று பதினோரு வரி. கான்ஃபிக் முழுசாக உருவான பிறகு அதோடு ஒப்பிட்டு, ஒன்று இல்லாவிட்டாலும் கட்டுவதற்கு முன்பே சிவப்பு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கர்னலுக்குள்ளேயே இருக்கும் கேயூனிட் டெஸ்ட்டை ஓட்டும் பைத்தான் ஸ்கிரிப்ட் இதைச் செய்கிறது. கேட்ட ஆப்ஷன் கடைசியில் இல்லை என்றால், முன்தேவை ஏதோ நிறைவேறவில்லை போலிருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். கேயூனிட்டை நான் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன், அந்தச் செய்தியைத் திட்டியும் இருக்கிறேன்.

இரண்டாவது, ஓடும்போது சாட்சி. கர்னலில் ரஸ்ட் மினிமல் என்று ஒரு குட்டி மாதிரி மாட்யூல் வருகிறது. ஏற்றினால், "நான் கர்னலோடு சேர்த்துக் கட்டப்பட்டவனா?" என்று தன்னைத்தானே கேட்டு விடையும் சொல்லும். இறக்கினால் 72, 108, 200 என்று மூன்று எண்ணை லாகில் எழுதிவிட்டுப் போகும். ஒவ்வொரு போர்டிலும் எந்த டெஸ்ட்டுக்கும் முன்னால் அதை ஏற்றி இறக்கி, அந்த மூன்று எண் வந்ததா என்று பார்க்கிறோம். வராவிட்டால் மேலே போவதில்லை. எனக்கு இப்போது 72, 108, 200 மனப்பாடம், வீட்டு கேட் பூட்டின் நம்பரைவிட.

மூன்றாவது, பிங் போகிறதா என்று கேட்பதற்கு முன், ஃபையைப் பிடித்திருக்கும் டிரைவர் பெயர் நம்முடையதா என்று கேட்பது. அதோடு சுவிட்ச் பக்கத்திலிருந்து போர்ட்டை 50 முறை அணைத்து எழுப்பி, ஒவ்வொரு முறையும் வேகத்தைப் படிப்பது. இந்த டெஸ்ட் முதல் நாளே இருந்திருக்கவேண்டும். கோளாறுக்கு மருந்து எழுதிவிட்டு, கோளாறை வரவைக்காமலே "குணமாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறோம்.

மாட்வெர்ஷன்ஸ் இல்லாத தனி டெஸ்ட் கான்ஃபிக்குக்கு அண்ணன் சம்மதிக்க இரண்டு வாரம் ஆனது. "அப்ப நீ டெஸ்ட் பண்றது நம்ம கஸ்டமருக்குப் போற பெட்டி இல்லையேம்மா" என்றார். சரியான கேள்வி. வைஃபை மாட்யூலையும் அதே சோர்ஸ் மரத்திலிருந்து அதே ராத்திரி கட்டினால் எண் ஒப்பிடும் தேவை டெஸ்ட் அளவில் இல்லை என்று பேசி, பழைய கான்ஃபிக்கும் கூடவே ஓடும் என்று ஒப்புக்கொண்டு முடித்தோம்.

முடிந்தது என்று பார்த்தால், சில ராத்திரி பச்சை, சில ராத்திரி கட்டும் இடத்திலேயே சிவப்பு. ஒரு ஒழுங்கே இல்லை. மூன்று நாள் மண்டையைக் குடைந்துவிட்டு, எந்த மெஷினில் கட்டப்பட்டது என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எட்டில் மூன்று மெஷினில் பைண்ட்ஜென்னை யாரோ தன் சொந்த லாகினில் நிறுவியிருக்கிறார். அந்த ஆள் உள்ளே போய்ப் பார்த்தால் இருக்கும். ராத்திரி வேலைக்கான லாகினுக்குத் தெரியாது. பதினோரு வரி ஃபைல் இல்லாவிட்டால் இதுவும் பச்சையாகவே போயிருக்கும்.

மேலே, கர்னலை உருவாக்குகிறவர்கள் மட்டத்தில், இதே கதை எத்தனை பெரிய அளவில் நடந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ரஸ்ட் 6.1-ல் உள்ளே வந்தது, 2022 டிசம்பரில். அன்றைக்கு ரஸ்ட் 1.62, பைண்ட்ஜென் 0.56 என்று குறிப்பிட்ட பதிப்புகளைச் சொல்லியிருந்தார்கள். புதியதைக் காட்டினால் "வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்" என்று எச்சரிக்கும். ரஸ்ட் கம்பைலர் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வெளிவருகிறது. கர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒன்று. இரண்டு கடிகாரம், இரண்டு ஓட்டம். 6.11-ல்தான் 1.78-லிருந்து மேலே எதுவும் சரி என்று தாராளம் காட்டினார்கள். அதற்குள் ரஸ்ட் மொழிக்காரர்களும் தங்கள் சோதனை வரிசையில் கர்னலின் ரஸ்ட் பகுதியைக் கட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கம்பைலரில் ஒரு மாற்றம் செய்தால் கர்னல் உடைகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. ஒருவர் வீட்டுக் குழாயை இன்னொருவர் திறந்து பார்க்கிற நெருக்கம் இல்லாமல் இரண்டு மொழி ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்த முடியாது.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இரண்டு மொழிக் குடித்தனம் புதிதில்லை. குடியாத்தத்தில் என் அத்தை வீட்டில் வாசல்வரை தமிழ், உள்ளே போனால் தெலுங்கு. ஆம்பூர் பக்கம் தோல் வேலையில் உருது காதில் விழாமல் இருக்காது. அத்தையிடம் கடைக்காரர் தமிழில் சொன்ன விலை, அவள் மாமாவிடம் தெலுங்கில் சொல்லும்போது எப்படியோ பத்து ரூபாய் குறைந்திருக்கும்.

மொழி மாறும்போது தொலையும் அந்தப் பத்து ரூபாய்தான் எங்கள் அடுத்த பிரச்சினை.

கோயம்புத்தூர் தம்பி ஒருவன், நல்ல சி ஆள், எங்கள் சொந்தப் பகுதியில் ஒரு ஃபங்ஷனை வேகத்துக்காக ஹெடருக்குள் ஸ்டேட்டிக் இன்லைனாக, அதாவது கூப்பிடும் இடத்திலேயே ஒட்டிவிடும் வகையாக, மாற்றினான். சி-யில் கூப்பிடுகிற யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் இன்லைன் ஃபங்ஷனுக்கு லிங்க் செய்ய வெளியே ஒரு பெயர் கிடையாது, கர்னலில் பைண்ட்ஜென் அதை எடுத்துத் தராது. அதற்கென்றே ரஸ்ட் பக்கத்தில் ஹெல்பர்ஸ் என்று ஒரு அடைவு வைத்து, இப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் சி-யில் ஒரு சின்ன உறை எழுதுகிறார்கள். தம்பியின் மெஷினில் ரஸ்ட்டே கிடையாது. அவனுக்கு எல்லாம் கட்டியது, அனுப்பிவிட்டான். ராத்திரி எங்கள் பக்கம் உடைந்தது.

"அக்கா, நான் ரஸ்ட்டைத் தொடவே இல்லையே" என்றான் போனில். உண்மைதான், தொடவில்லை.

யார் சரிசெய்வது? இதைத்தான் மேலேயும் வருஷக்கணக்கில் சண்டை போட்டுத் தீர்த்தார்கள், தீர்க்கிறார்கள். 2025 பிப்ரவரியில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதில் தலையிட்டுச் சொன்னதன் சாரம் எனக்கு நியாயமாகப் பட்டது: கர்னலில் ஒரு பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னருக்கு ரஸ்ட் பிடிக்காவிட்டால் அவர் ரஸ்ட்டைப் பார்க்கவேண்டாம், ஆனால் தன் சி இன்டர்ஃபேஸை ரஸ்ட் பயன்படுத்தக்கூடாது என்று தடுக்கவும் அவருக்கு உரிமை இல்லை. நாங்கள் எங்கள் அளவில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சி பேட்ச் நிற்கும், திருப்பியெடுக்கச் சொல்லமாட்டோம். ரஸ்ட் பக்கம் உடைந்தால் இரண்டு வேலை நாளுக்குள் நாங்கள் ஒட்டுப்போடுவோம். அதுவரை ராத்திரி ரிப்போர்ட்டில் அது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, மஞ்சள். பதிலுக்கு சி பக்கத்துக்காரர்கள், ரஸ்ட் பயன்படுத்தும் ஹெடர்களின் பட்டியலில் கைவைத்தால் அனுப்புவதற்கு முந்தின நாள் ஒரு வரி சொல்லவேண்டும். தம்பி இப்போது சொல்கிறான். "அக்கா, நாளைக்கு உங்க வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்போறேன்" என்று மெசேஜ் வரும்.

உடைகிறது என்றால் பரவாயில்லை, சத்தம் போடும். எனக்குப் பயம் சத்தம் போடாததுதான். தோற்றால் வெறும் பூஜ்யத்தைத் திருப்பித் தந்த ஒரு சி ஃபங்ஷனை, இனி பிழை எண்ணைச் சுட்டியில் (மெமரி முகவரியைச் சொல்லும் பாயிண்டர்) பொதிந்து தரும்படி மாற்றினார்கள் என்று வையுங்கள். சி-யில் இரண்டும் ஒரே வகைச் சுட்டி. பைண்ட்ஜென் எழுதும் வரி ஓர் எழுத்துகூட மாறாது. ரஸ்ட் உறை "பூஜ்யமா?" என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், பிழை எண்ணை நல்ல முகவரி என்று நம்பி அதற்குள் போய் விழும். ரஸ்ட் கம்பைலர் என்ன சாமர்த்தியம் காட்டினாலும், அன்சேஃப் என்று எழுதிய கட்டத்துக்குள் மனிதர் கொடுத்த வாக்கைத்தான் அது நம்பவேண்டும். 2025 டிசம்பரில் கர்னலின் ரஸ்ட் கோடுக்கு முதல் பாதுகாப்புக் குறை எண் கொடுத்தார்கள், ஆண்ட்ராய்டின் பைண்டர் டிரைவரில். அதுவும் இப்படி ஒரு அன்சேஃப் கட்டத்தில், ஒரு பட்டியலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடமாட்டார்கள் என்று கொடுத்த வாக்கு பொய்த்த கதைதான். இந்த வகைக்குக் கட்டிப் பார்க்கும் டெஸ்ட் உதவாது. வேண்டுமென்றே மெமரி கேட்டால் இல்லை என்று சொல்லவைக்கும் வசதி கர்னலில் உண்டு. வாரம் ஒரு முறை அதை ஆன் செய்து டிரைவரை ஏற்றி இறக்கி இம்சிக்கிறோம். இதுவரை ஒன்று பிடித்தோம். அது நான் எழுதிய உறை.

பிறகு மே மாதம் வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி நான் எழுதினால் சிரிப்பீர்கள். கத்திரி ஆரம்பித்த வாரத்தில் மத்தியான ஓட்டங்கள் சிவக்க ஆரம்பித்தன. போர்டு நடுவில் ரீசெட், அல்லது லிங்க் போய்த் திரும்பாமை. ரஸ்ட் உண்மையாகவே ஓட ஆரம்பித்த முதல் மாதம் வேறு. பெங்களூரில் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "பாத்தியா, சி இருந்தவரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு." புது மருமகள் வந்த மாதம் பால் திரிந்தால் யார் மேல் பழி விழும் என்று எங்களுக்குத் தெரியாதா?

வாதாடிப் பயனில்லை என்று ஜோடி ஓட்டம் ஆரம்பித்தேன். அதே போர்டு, அதே மணி, ஒரு நாள் ரஸ்ட்டோடு, மறுநாள் ரஸ்ட் இல்லாமல். பன்னிரண்டு நாள். ரஸ்ட்டோடு ஏழு தடவை விழுந்தது, இல்லாமல் ஆறு தடவை. எல்லாம் மத்தியானம் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில். ராத்திரி ஓட்டம் ஒன்றுகூட விழவில்லை. சில்லின் வெப்பத்தையும் லாகில் எழுதவைத்தேன், விழுந்த நேரமும் சூடு உச்சத்தில் இருந்த நேரமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே ஷெல்ஃப், ஜன்னல் மேற்குப் பார்த்தது. போர்டுகளைக் கீழே கொண்டுவந்து அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தோம், நைனாவின் டேபிள் ஃபேன் போர்டுகளுக்குப் போய்விட்டது. அவருக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

ஜோடி ஓட்டத்தை அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. இடம் அடைக்கிறது, நேரம் இரட்டிப்பு, இருந்தாலும் பழி சொல்ல வருகிறவர் கையில் ஒரு அட்டவணையைக் கொடுத்துவிடலாம். இது கிடைத்த பிறகு கூட்டங்களில் சத்தம் குறைந்தது.

2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கர்னல் மெயின்டெய்னர்கள், ரஸ்ட் இனி பரிசோதனை இல்லை, கர்னலின் நிரந்தர அங்கம் என்று முடிவுசெய்தார்கள். எங்கள் ஆபீஸில் அதன் விளைவு, அடுத்து 6.18-க்குப் போவது என்று தீர்மானம் ஆனது. அங்கே மாட்வெர்ஷன்ஸும் ரஸ்ட்டும் சேர்ந்தே இருக்கலாம். எண்ணைச் சி சோர்ஸிலிருந்து கணக்கிடாமல், பிழை தேடுவதற்காகக் கம்பைலர் எழுதிவைக்கும் டீபக் தகவலிலிருந்து கணக்கிடும் புதுக் கருவி வந்துவிட்டது. அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம், தன் கான்ஃபிக்கே இனி டெஸ்ட் கான்ஃபிக் என்று. ஆனால் அதற்கு டீபக் தகவலோடு முழுசாகக் கட்டவேண்டும், எட்டு மெஷினில் இரண்டில் டிஸ்க் போதாது. அதைக் கேட்டு வாங்குவது என் தலையில்.

பதினோரு வரி ஃபைல் இப்போது பதினாறு வரி. திங்கட்கிழமை பிருந்தாவனில் நாலாம் நம்பர் போர்டையும் எடுத்துப் போகிறேன், அது மட்டும் இன்னமும் அவ்வப்போது 10-ல் நிற்கிறது. டிரைவர் பெயர் நம்முடையதுதான், மூன்று எண்ணும் வருகிறது. துளையில் கேபிள் கொஞ்சம் ஆடுகிறது, கிளிப் உடைந்திருக்கிறது என்று நைனா சொல்கிறார். கையை ஓட்டிப் பார்த்துத்தான் சொன்னார்.